பெப்ரவரியில் வெந்நீர்

1993

பெப்ரவரி 3, புதன். ஸ்ட்ரெதம்.

காலையில் இருந்து மழை. சமையலறை ஹீட்டர் சூடாகிறது, அறை ஹீட்டர் இல்லை. பெட்டி அடுக்கும் வேலை முழுக்க எனக்கு. இவர் கட்டிலில் இருந்தபடி, அதை வை, இதை எடு.

வைத்தவை: நோவுக்கு இவர் விழுங்குகிற குளிசை. முழங்கால் பட்டி இரண்டு. பருத்திச் சேலை மூன்று. இவருடைய பெரிய பொத்தான் சேட்டுகள் (சின்னப் பொத்தான் இப்போது என் வேலை). நேசனுக்கு டூட்டிங் கடை மிளகாய்த்தூள், கருவாடு.

வைக்காதது: என் பொறுமை.

இரண்டு வருடமாக மூட்டுவாதம். முதலில் விரல்கள், பிறகு முழங்கால். படவரைஞர் வேலையில் இருந்தவரை நவம்பரில் அதே கம்பனியின் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பென்சில் பிடிக்க முடியவில்லை. கிளினிக்கில் பெரிய டொக்டர் ஒரு வருடமாகச் சொல்கிறார், கிழமைக்கு ஒரு தரம் எடுக்கிற அந்தக் குளிசையைத் தொடங்குவோம் என்று. ஒவ்வொரு முறையும் நான் மொழிபெயர்ப்பேன். ஒவ்வொரு முறையும் இவர் தலையை ஆட்டுவார், வேண்டாம்.

குளிசை வேண்டாம். வெந்நீர் வேண்டும். அதுவும் அவுஸ்திரேலியாவில், கடலில் இருந்து பதினான்கு மணித்தியாலம் உள்ளே. இவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் நேசன் அங்கே ஒரு சிற்றூரில் டொக்டர். நிலத்தடியில் இருந்து சுடுதண்ணீர் வருகிறதாம், குளிக்கக் குளம் கட்டி வைத்திருக்கிறார்களாம், அற்புதமாம். கடிதத்தை எனக்கு வாசிக்கத் தரவில்லை, வாசித்துக் காட்டினார்.

இவர் திருகோணமலை ஆள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றி வளர்ந்தவர். கன்னியாவில் குளித்து எவருக்கும் முழங்கால் நோ மாறியதாக நான் கேள்விப்படவில்லை. சொன்னேன். குளிக்கிற துவாயையும் பெட்டியில் வைக்கச் சொன்னார்.

கவுன்சில் ஒபிஸில் மூன்று கிழமை லீவு. இந்த வருடத்தின் முழு லீவும். மனேஜர் கேட்டா, எங்காவது நல்ல இடமா என்று. ஓம் என்றேன்.

பெப்ரவரி 6, சனி. சிட்னி.

இறங்கியதும் அவித்தெடுக்கிற மாதிரி ஒரு சூடு. கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றோம். சுங்கத்தில் கருவாடு போனது. மிளகாய்த்தூளைத் திறந்து மோந்த அதிகாரி மூன்று தரம் தும்மிவிட்டுத் திருப்பித் தந்தார்.

விமானத்தில் இவருக்கு முழங்கால் மடங்கி அப்படியே இறுகிவிட்டது. சக்கர நாற்காலி கேட்கவா என்றேன். வேண்டாம். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளே இருந்து திறக்க முடியாமல் தட்டினார், பணிப்பெண் வந்து வெளியே இருந்து திறந்தாள். அதைப் பற்றிக் கதைக்கக் கூடாதாம். கதைக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நாளை ரயில், பிறகு பஸ்.

பெப்ரவரி 8, திங்கள்.

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். ஊரின் பெயரில் மூன்று தரம் ‘கூ’ வருகிறது. கூ. என்று போடுகிறேன்.

பஸ்ஸில் கடைசி நான்கு மணித்தியாலம் நாங்கள் இருவரும் சாரதியும் மட்டும். சிவப்பு மண், காய்ந்த புல், ஒரு மரம், இன்னும் சிவப்பு மண். ஒரு ஆளில்லை. இவர் யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார், முகத்தில் பெரிய எதிர்பார்ப்பு. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத்தான் கோபம் கூடியது.

மோட்டல்காரி நல்ல மனுசி. சாவியைத் தரும்போது, இந்த மாதத்தில் யாரும் வருவதில்லை, வழி தவறி வந்தீர்களா என்று கேட்டா. குளிர்காலத்தில் பென்சன்காரர் எல்லாம் கரவனோடு வந்துவிடுவார்களாம், ஜூலையில் ஒரு கட்டில் கிடைக்காதாம். இப்போது பன்னிரண்டு அறையும் எங்களுக்குத்தான். ஆனால் காற்றுக் குளிரூட்டி வேலை செய்வது நாலாம் அறையில் மட்டும். நாலாம் அறை.

காலையில் ஏழு மணிக்கே துவாய், மாற்றுடுப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தோம். கேட் பூட்டு. பலகை: சுத்திகரிப்பும் சீமெந்து வேலையும், மார்ச் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். கம்பிக்குள்ளால் பார்த்தோம். வெறுங்குளம். அடியில் ஒரு பல்லி, கை நீளம் இருக்கும். இரண்டு வேலையாட்கள் நிழலில் குந்தியிருந்து தேநீர் குடித்தார்கள். ஒருவன் கையைக் காட்டினான்.

பதினோராயிரம் மைல். பல்லிக்குக் குளம்.

மத்தியானம் நேசன் ஓடி வந்தார். எங்கள் கடிதம் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் கிடைத்ததாம். இவரைக் கட்டிப்பிடித்து, இவருடைய கையைப் பார்த்து, மெல்ல விட்டார். பிறகு சொன்னார்:

“மச்சான், ஜூலையில வா எண்டெல்லோ எழுதினனான்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் தொப்பியைப் பார்த்தார்.

வாசித்துக் காட்டிய கடிதத்தில் ஜூலை வரவில்லை. ஜூலை வரை தாங்காது என்று இவருக்குத் தோன்றியதாம். கேட்டால், “உமக்குச் சொன்னா நீர் விட்டிருக்க மாட்டீர்.” உண்மை. விட்டிருக்க மாட்டேன்.

43 பாகை. ஈ. ஈ. ஈ.

பெப்ரவரி 9, செவ்வாய்.

கூ.வில் இருப்பவை: மோட்டல் 1. பியர்க் கடை 1. பலசரக்குக் கடை 1 (மதியம் பூட்டிவிடுவார்கள்). எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரி 1. டொக்டர் 1. தபால்கந்தோர் அரை, பலசரக்குக் கடைக்குள்ளேயே.

இல்லாதவை: மற்ற எல்லாம்.

இரண்டு பேரும் நேசனின் விறாந்தையில் இருந்து பள்ளிக்கூடக் கதை. இவர் சிரிக்கிறார். லண்டனில் இப்படிச் சிரித்துக் கண்டது எப்போது? சந்தோசப்பட வேண்டும். எரிச்சல்தான் வந்தது. நான் உள்ளே போய் நேசனின் அரிசிப் பானையைத் தேய்த்தேன். அடிப்பிடித்து மாதக்கணக்கு இருக்கும்.

நேசனின் மனைவியும் இரண்டு பெண்களும் சிட்னியில், படிப்புக்காக. பாடசாலை விடுமுறைக்கு அவர்தான் போவார், அவர்கள் இங்கே வருவதில்லை. மூன்று வருடத்தில் வீட்டுக்கு வந்த முதல் தமிழர்கள் நாங்கள் என்றார். மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து நெடு நேரம் மணந்துகொண்டு நின்றார்.

இவர் குளிக்கப் போன நேரம் நேரடியாகக் கேட்டேன். வெந்நீரில் இந்த வருத்தம் மாறுமா?

“தங்கச்சி, நோவுக்குச் சுகமா இருக்கும். சுகமாகும் எண்டு நான் எழுதேல்லை. சுகமா இருக்கும் எண்டுதான் எழுதினனான்.”

அந்த ஒரு சொல்லுக்குள்தான் நாங்கள் விமானம் ஏறியிருக்கிறோம்.

பிறகு தானாகவே, கீழே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டித்தான் எழுதினேன், ஆராவது வருவீனம் எண்டு ஒரு ஆசை என்றார். ஏச வேண்டும் என்று வாய் திறந்தேன். ஏசவில்லை. சம்பல் இடித்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 10, புதன்.

நேசன் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்து மைல் தள்ளி ஒரு ஆட்டுப் பண்ணை. எழுபது வயதுக்காரி ஒருத்தி, விதவை, தனியாக நடத்துகிறா. அவவின் நிலத்திலும் ஆழ்துளைக் குழாய் இருக்கிறது. சுடுதண்ணீர் குழாயால் வந்து, வாய்க்காலில் ஓடி ஆறி, ஆடுகள் குடிக்கிற தொட்டிக்குப் போகும். வாய்க்காலுக்கு நடுவில் சீமெந்துத் தொட்டி ஒன்று, நெஞ்சளவு. அதில் குளிக்கலாம்.

விடிய ஐந்தரைக்கு நேசனின் வேனில் புறப்பட்டோம். பண்ணைக்காரி கேட்டைத் திறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: “இந்த வெயிலில் சுடுதண்ணீரில் குளிக்கவா?” நேசன் ஓம் என்றார். அவ தலையை ஆட்டிக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டா.

கூழ்முட்டை மணம். குழாயடியில் கை வைக்க முடியாது. தொட்டியில் பரவாயில்லை. இவர் நேசனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் குந்தினார். கண்ணை மூடினார்.

அரை மணித்தியாலம் கழித்துக் கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் விரிந்திருந்தன. முழுக்க இல்லை, ஆனாலும் விரிந்திருந்தன. கரைக்கு வந்து சேட்டுப் பொத்தானைத் தானே போட்டார், ஆறும். ஒவ்வொரு பொத்தானுக்கும் என்னைப் பார்த்தார். நான் ஈயை விரட்டிக்கொண்டு நின்றேன், அழுகை வரக் கூடாது என்று.

மத்தியானம் பன்னிரண்டுக்கு விரல்கள் திரும்ப மடங்கிவிட்டன. சோற்றை நான்தான் குழைத்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 11, வியாழன்.

அதே. காலையில் விரியும், மத்தியானம் மடங்கும்.

நான் கால்களை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு கரையில் இருந்தேன். நல்ல சுகம், ஒத்துக்கொள்கிறேன்.

இவர் சொல்கிறார், ஒரு மாதம் விடாமல் குளித்தால் நிலைத்துவிடும். வேலை? என்றேன். ஸ்டோரில் தன்னை ஆரும் தேட மாட்டார்களாம். என்னை? நீர் போம், நான் நேசனோட நிக்கிறன். அப்படியே சொன்னார், பால் வாங்கி வாரும் என்று சொல்கிற மாதிரி.

நாலாம் அறைக் குளிரூட்டியும் இன்று நின்றுவிட்டது. மோட்டல்காரி காலால் உதைத்துப் பார்த்தா. இப்போது ஏழாம் அறை, அங்கே ஒரு மேசைக் காற்றாடி. சேலை மூன்றும் சிவப்புத் தூசி. கழுவியும் போகவில்லை.

பெப்ரவரி 12, வெள்ளி.

எழுத விருப்பமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் தொட்டிக்குள் அவர்கள் இருவரும், கரையில் நான். நேசன் சாதாரணமாகத்தான் கேட்டார், லண்டன் ஆஸ்பத்திரியில அந்தக் குளிசை தரேல்லையோ, ஏன் எடுக்கேல்லை என்று. நான் சொல்லத் தொடங்கினேன்: இவருக்குப் பயம், ஈரலைத் தாக்குமாம், மாதா மாதம் இரத்தம் சோதிக்க வேண்டுமாம்...

“தங்கச்சி,” என்றார் நேசன், மரியாதையாகத்தான், “நான் அவனைக் கேட்டனான்.”

வாயை மூடினேன். இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அதைக் குடிச்சா பிள்ளைப் பேறைத் தள்ளிவைக்க வேணுமாம். ஆம்பிளையளும்தான். கிளினிக்கில தந்த துண்டில கிடக்கு. அகராதி வைச்சு வாசிச்சனான்.”

டொக்டர் அதைச் சொன்னவர். போன வருடம் இதே மாதம், அந்தச் சின்ன அறையில். நான் பக்கத்தில் இருந்தேன். ஈரலை மொழிபெயர்த்தேன், இரத்தச் சோதனையை மொழிபெயர்த்தேன், மது குடிக்கக் கூடாது என்பதை மொழிபெயர்த்தேன். அதை மட்டும் விட்டுவிட்டேன். வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் இல்லை. அந்தக் கதவை நான் மூடி வைத்திருந்தேன், தட்ட விருப்பமில்லை. 87இல் வயிற்றுப் பிள்ளை ஐந்து மாதத்தில் போனதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. எனக்கு முப்பத்தொன்பது. இவரும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இவர் மறக்கவில்லை. ஒரு வருடமாக விரலை மடங்க விட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

கோபமா, பயமா, என்ன என்று தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்:

“எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆறு வருசமா இல்லை.”

நேசனுக்கு முன்னால். ஆடு குடிக்கிற தண்ணீர்த் தொட்டியடியில் நின்று.

இவர் எழும்பினார். கரையேறினார். பொத்தான் போடவில்லை. வேனின் முன் சீற்றில் போய் இருந்தார். வழியில் நேசன் ஒரு தரம் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

மத்தியானம் கதைக்கவில்லை. பின்னேரம் கதைக்கவில்லை. சோற்றைத் தானே கரண்டியால் சாப்பிட்டார், பாதி மேசையில்.

பெப்ரவரி 13, சனி.

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன்.

காலை நேசனுக்கு அவசர நோயாளி, பண்ணைக்குப் போகவில்லை. நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி போல இவரைக் காணவில்லை. விறாந்தையில் இருப்பார் என்று விட்டுவிட்டேன். அதுதான் என் பிழை, கோபத்தில் தேடவில்லை. பத்தரைக்குத்தான் மோட்டல்காரி வந்து சொன்னா, உன் மனுசன் பண்ணை வீதியில் நடந்து போனதைக் கண்டேன், தொப்பியோடு, கையில் தண்ணீர்ப் போத்தலோடு, வேட்டைக்குப் போகிற மாதிரி.

பத்து மைல். அந்த முழங்காலோடு. நிழலில் 44.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செருப்பு அறுந்தது, கழற்றிவிட்டு ஓடினேன், தார் வீதி காலைச் சுட்டது. நேசன் நோயாளியை நேர்ஸிடம் விட்டுவிட்டு வந்தார். வேனில் போகும்போது அவர் வீதியின் இரு கரையையும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான்தான் கதைத்துக்கொண்டே போனேன். என்ன கதைத்தேன் என்று ஞாபகமில்லை. இவரை ஏசியிருப்பேன்.

நான்கு மைலில் வீதிக்குக் கீழே ஒரு மதகு. மழைக்காலத் தண்ணீர் போகிற குழாய், இப்போது காய்ந்து கிடக்கிறது. அதன் நிழலுக்குள் கால் நீட்டி, முதுகைச் சாய்த்து. தொப்பியைத்தான் முதலில் கண்டேன். முகம் சிவந்து, வியர்வையே இல்லை, உதடு வெடித்து. என்னைக் கண்டு, “ரயில் வந்திட்டுதோ?” என்றார்.

போத்தல் மடியில். நிறையத் தண்ணீர். ஒரு துளி குறையவில்லை.

மூடி திறபடவில்லை. விரல்கள் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் மூடியைச் சுற்றிப் பல்லுப் பட்ட அடையாளம்.

நேசன் ஒரு திருகில் திறந்தார்.

இப்போது எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரியில். கையில் சேலைன். பின்னேரம் சூடு இறங்கிவிட்டது, என்னை அறிகிறார். சிறுநீர் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நேசன் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய், வேன் கதவில் சாய்ந்துகொண்டு நின்று அழுதார். தான் எழுதிய கடிதம்தானே எல்லாம் என்று. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது? நீங்கள் ஜூலை எண்டுதானே எழுதினனீங்கள் என்றேன்.

பெப்ரவரி 14, ஞாயிறு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆட்டு மயிர் வெட்டுகிற ஆள், கை முறிவு. வந்ததில் இருந்து வானொலியில் கிரிக்கெட். இவர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஏதோ விக்கெட்டுக்கு இருவரும் ஒரே நேரம் ‘ச்ச்’ என்றார்கள்.

பத்து மணிக்குக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“எங்க போக வெளிக்கிட்டனீங்கள்?” என்றேன்.

“தண்ணிக்குத்தான். விரலை விரிச்சுக்கொண்டு வந்து உம்மோட கதைக்கலாம் எண்டு.”

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதைப்பதற்கு விரல் எதற்கு? யன்னல் சீலையைச் சரி செய்தேன்.

பிறகு மெல்லச் சொன்னார்:

“நீர் எனக்கு முழுசாச் சொல்லியிருக்கலாம்.”

“நீங்களும் சொல்லியிருக்கலாம்.”

“ஓம்.”

வானொலியில் இன்னும் கிரிக்கெட். அப்போது நான் மற்றதையும் சொன்னேன். இன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. 87இல் அந்த ஆஸ்பத்திரியில் நேர்ஸ் எனக்குச் சொன்னா. இவர் பக்கத்தில்தான் நின்றார். லண்டன் வந்து இரண்டு வருடம், இங்கிலீஸ் விளங்காத காலம். என்ன சொல்லுறா என்று கேட்டார். ஆணோ பெண்ணோ தெரியாதாம், பார்க்க ஏலாதாம் என்று சொன்னேன்.

“பொம்பிளைப் பிள்ளை,” என்றேன். “எனக்கு அப்பவே தெரியும்.”

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நான் எழும்பிப் போகவில்லை. ஆட்டு மயிர்க்காரன் வானொலியைக் குறைத்தான், எதுவும் விளங்காமலே.

பிறகு, திரும்பாமலே கேட்டார், எவ்வளவு நீளம் இருந்தது என்று. கையால் காட்டினேன். பிறகுதான் இவர் சுவரைப் பார்க்கிறார் என்று உறைத்தது. வாயால் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாடு: ஆட்டிறைச்சி, அவித்த கிழங்கு, பச்சைப் பட்டாணி. உப்பில்லை. இரண்டு கவளம் என் கையால் வாங்கினார், மூன்றாவதுக்கு வாயைத் திறக்கவில்லை.

பெப்ரவரி 16, செவ்வாய்.

இவர் நடக்கிறார், தடியோடு. நேசன் பண்ணைக்குப் போவோமா, கடைசியாக ஒரு தரம் என்று கேட்டார். இவர் வேண்டாம் என்றார். போதும் என்றார். எனக்குத்தான் மனம் வந்தது, சொல்லவில்லை. பிறகு சொன்னேன். சொல்லாமல் விடுவதை விட வேண்டும் என்று ஒரு முடிவு, பார்ப்போம் எத்தனை நாளைக்கு என்று.

ஆக, விடிய இறங்கியது நான். சேலையோடு, கழுத்தளவு. இவர் கரையில் தடியை ஊன்றிக்கொண்டு ஈ விரட்டினார். பண்ணைக்காரி தூரத்தில் நின்று பார்த்தா, கையை ஆட்டினா. உடம்பில் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஆனால் இடுப்பு வலி போனது.

குளத்துச் சீமெந்து வேலை இன்னும் அரைவாசி. பல்லியைக் காணவில்லை.

இவர் நேசனிடம் தனியாகக் கதைத்தார், விறாந்தையில், ஒரு மணித்தியாலம். நான் போகவில்லை. பானை தேய்க்கவும் போகவில்லை. மோட்டலில் பெட்டி அடுக்கினேன்.

பெப்ரவரி 17, புதன். பஸ்ஸில்.

நேசன் பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நின்றார். பஸ் முக்கால் மணித்தியாலம் பிந்தி. வெயிலில் நின்று மூவரும் ஈ விரட்டினோம். பஸ் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் கதைக்கத் தொடங்கினார்: கடிதம் போடுங்கோ, தண்ணி குடியுங்கோ, லண்டன் டொக்டருக்குக் கடிதம் வைச்சிருக்கிறன், பெட்டியில மேல கிடக்கு. சாரதி ஹோர்ன் அடித்தான்.

மனைவி பிள்ளைகளை ஈஸ்டருக்கு இங்கே வரச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். வர மாட்டீனம் என்றார். கேட்டனீங்களா என்றேன். யோசித்தார். இல்லை என்றார்.

எழுத்துக் குலுங்குகிறது. நிறுத்துகிறேன்.

பெப்ரவரி 20, சனி. ஸ்ட்ரெதம்.

வீடு ஐஸ். அறை ஹீட்டர் அப்படியே. பால் இல்லை, பாண் இல்லை. கதவடியில் கடிதங்கள்: கவுன்சில் வரி, காஸ், இவருடைய கம்பனி. கம்பனிக் கடிதம் ஏப்ரலில் வருத்த நிலையை மீண்டும் பார்ப்போம் என்று. இவர் தானே வாசித்தார். ஒரு சொல்லுக்கு மட்டும் என்னைக் கேட்டார். அதைச் சொன்னேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெட்டிக்குள் எல்லாம் சிவப்புத் தூசி. வொஷிங் மெஷின் நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் நிலமெல்லாம். குனிந்து துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவர் வந்து பார்த்தார். குனிய முடியாது. காலால் துவாயைத் தள்ளித் தள்ளி ஒரு மூலையைத் துடைத்தார்.

பெப்ரவரி 24, புதன்.

கிளினிக். பத்தரைக்கு என்றார்கள், பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். நேர்ஸ் பெயரை வழமை போலப் பிழையாகச் சொன்னா. நான் பழக்கத்தில் எழும்பிவிட்டேன், கைப்பையும் தோளில்.

“நீர் இரும்,” என்றார். “நான் போறன்.”

“உங்களுக்கு அவர் கதைக்கிறது விளங்காது, கெதியாக் கதைப்பார்.”

“ஆறுதலாக் கதைக்கச் சொல்லுவன்.”

நேசனின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தியது. நான் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரில் ஒரு கிழவி கம்பளி பின்னிக்கொண்டிருந்தா, என்னைப் பார்த்துச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். உள்ளே கதைக்கிற சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. கதவுக்குக் கிட்டவுள்ள கதிரைக்கு மாறினேன். அப்போதும் விளங்கவில்லை. வெட்கம்கெட்ட வேலை.

இருபத்தைந்து நிமிடம். நான் கூடப் போன காலத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் போனதில்லை.

வெளியே வந்தார். கையில் மருந்துத் துண்டு. மருந்துச் சாலையில் நின்று வாங்கினோம். கிழமைக்கு ஒரு தரம், திங்கட்கிழமை என்று தானே தெரிவு செய்தாராம். பஸ் ஏறி மேல் மாடிக்குப் போக முடியாமல் கீழே இருந்தோம். டூட்டிங் கடைகள் தாண்டும் வரை நான் கேட்கவில்லை. பிறகு கேட்டேன்.

“என்ன சொன்னவர்?”

“எல்லாம் சொன்னவர். விளங்காததை ரெண்டு தரம் கேட்டனான்.”

“மற்றதைக் கேட்டனீங்களோ?”

“கேட்டனான்.” யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்ர கை கொஞ்சம் நல்லா வந்தாப் பிறகு, குளிசையைச் சில மாதம் நிப்பாட்டிப்போட்டு முயற்சி செய்யலாமாம். கன பேர் அப்பிடிச் செய்யிறவையாம். முதல்ல கேட்டிருந்தா முதலே சொல்லியிருப்பாராம்.”

ஒரு வருடம். ஒரு கேள்வி. இவர் கேட்க நினைத்து என்னிடம் தராத கேள்வி, தந்திருந்தாலும் நான் அந்த அறையில் கேட்டிருப்பேனா தெரியாத கேள்வி. அதற்கு இவ்வளவு சின்னப் பதில். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரையும் எழுப்பிக் கத்த வேண்டும் போல இருந்தது.

“நீர் அண்டைக்குத் தொட்டியடியில சொன்னது சொன்னதுதான்,” என்றார். “நான் உம்மைக் கேக்கேல்லை. கேட்டு வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்.”

சொன்னது சொன்னதுதான் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. எங்கள் தரிப்பு வந்துவிட்டது. மணியை அடிக்க நான் எட்ட முதல் இவர் முழங்கையால் அடித்துவிட்டார்.